என் நாற்காலிக்கு ஆள் தேடுகிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் ஞாயிறு பதிப்பில் வாசகர் ஒருவர், "வேலை கொட்டிக் கிடக்கிறது, செய்யத்தான் ஆள் இல்லை, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வளையாது" என்று எழுதியிருந்தார். படித்ததும் சிரிப்பு வந்தது. அதே வசனத்தை நானும் எத்தனையோ கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. ஏன் என்று எழுதத் தோன்றியது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பினாங்கில் புக்கிட் மின்யாக் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன இயந்திரப் பட்டறையில் கிராணி, அதாவது குமாஸ்தா. பெரிய எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய ஜிக், ஃபிக்ஸ்சர் (வேலை செய்யும்போது சாமானை அசையாமல் பிடித்துக்கொள்கிறவை), மெஷின் உதிரிப்பாகங்கள் இவற்றை அலுமினியத்திலும் இரும்பிலும் வெட்டிக் கொடுப்பது எங்கள் தொழில். தவுக்கே என்று நாங்கள் கூப்பிடுகிற முதலாளியையும் சேர்த்து 23 பேர். சம்பளம் போடுவது, சேமநிதியும் சொக்சோ காப்புறுதியும் கட்டுவது, டாய்லெட்டில் பல்பு எரியாவிட்டால் ஆளைக் கூப்பிடுவது எல்லாம் என் தலையில்தான். ஆள் எடுப்பதும் அப்படித்தான். 19 வருஷம் ஓடிவிட்டது. அடுத்த மார்ச்சில் எனக்கு 60 நிறைகிறது. "உன் இடத்துக்கு ஒரு ஆளைப் பார்த்து உட்கார வைத்துவிட்டுப் போ" என்று தவுக்கே சொல்லிவிட்டார்.

போன மாதம் ஒரு மத்தியானம் அந்த விளம்பரத்தை எழுத உட்கார்ந்தேன். யோசிக்கவே இல்லை, கை தானாக அடித்துக்கொண்டே போனது. மனிதவள நிர்வாகத்தில் பட்டப்படிப்பு. குறைந்தது 5 ஆண்டு அனுபவம். ஆங்கிலம், மலாய், மாண்டரின் மூன்றும் சரளமாகப் பேச வேண்டும். வேலை நெருக்கடியைச் சமாளிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். சொந்த வாகனம். வயது 35-க்குள்.

அடித்து முடித்துக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு ஒரு தடவை படித்தேன். இந்த வேலைக்கு நான் மனுப் போட்டால் எனக்கே கிடைக்காது! நான் படித்தது பள்ளிக்கூடத்து எஸ்.பி.எம். பரீட்சை வரைக்கும்தான். சீனத்தில் ஹொக்கியன் நன்றாகப் பேசுவேன், மாண்டரின் வராது. கார் ஓட்டுவேன், அதுவும் மழை பெய்தால் ஓட்டமாட்டேன். வயதைப் பற்றிக் கேட்காதீர்கள். 19 வருஷத்தில் ஒரு மாதம்கூடச் சம்பளம் பிந்தாமல் போட்டவளை, அவள் எழுதிய தாளே வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்புகிறது. அப்படியென்றால் இத்தனை வருஷமாக நான் எழுதிய விளம்பரங்கள் யார் யாரைத் திருப்பி அனுப்பியிருக்கும்? அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

ஒருத்தனைப் பற்றி மட்டும் எனக்குத் தெரியும், ஏனென்றால் அவன் விளம்பரத்தைப் பார்த்து வரவே இல்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் சி.என்.சி. மில்லிங் (கம்ப்யூட்டர் சொல்கிறபடி உலோகம் வெட்டுகிற மெஷின்) பகுதிக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. டிப்ளோமா, 2 ஆண்டு அனுபவம் என்று போட்டோம். பதினாலு பேரைக் கூப்பிட்டேன், ஐந்து பேர் வந்தார்கள். வராதவர்களில் ஒருவர்கூட ஃபோன் செய்து வரவில்லை என்று சொல்லவில்லை. இதை இப்போதெல்லாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, எனக்கு மட்டும் இன்னமும் கோபம் வரும். வந்தவர்களில் ஒரு பையன் பளிச்சென்று சட்டை போட்டு, ஃபைல் எல்லாம் வைத்துக்கொண்டு, அழகாக ஆங்கிலம் பேசினான். தவுக்கேக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அதே நேரத்தில் வெளி அறையில் சுங்கை பாக்காப்பிலிருந்து ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மகன். அந்த அம்மா துப்புரவு வேலை இருக்கிறதா என்று கேட்க வந்தவர். பையன் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு வந்தவன், அவ்வளவுதான்.

இன்டர்வியூ மேசையில் பேப்பர் பறக்காமல் இருக்க நுண்ணிய அளவு பார்க்கிற ஒரு பழைய மைக்ரோமீட்டர் எப்போதும் கிடக்கும். அன்றைக்கு எங்கள் சூப்பர்வைசர் சும்மா ஒரு யோசனையில் 8 மில்லிமீட்டர் பின் ஒன்றைக் கொண்டுவந்து, "இதை அளந்து சொல்லு தம்பி" என்று டிப்ளோமா பையனிடம் கொடுத்தார். அவன் பின்னை நடுவில் வைத்து, தண்ணீர்க் குழாயை மூடுகிற மாதிரி இறுக்கித் திருகினான். "7.96" என்றான். சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லவில்லை. மைக்ரோமீட்டரை வாங்கிக்கொண்டு வெளியே போனவர், என்ன நினைத்தாரோ, அந்த அம்மாவின் மகனிடம் நீட்டினார்: "நீ பாரேன்."

அவன் முதலில் பின்னைத் தொடவே இல்லை. சட்டை நுனியால் மைக்ரோமீட்டரின் இரண்டு முகங்களையும் துடைத்தான். பின் இல்லாமல், வெறுமனே மூடினான். நுனியில் இருக்கிற சின்னத் திருகை விரலால் சுற்றினான், டிக் டிக் என்று சத்தம் வரும் வரைக்கும். குனிந்து பார்த்தான். என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னான்: "அக்கா, இது சைபர்ல நிக்கல. ரெண்டு கோடு தள்ளி இருக்கு."

எங்கள் கருவியே தப்பு! ஒரு கோடு என்பது மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு. எத்தனை நாளாக அது அப்படிக் கிடந்ததோ தெரியவில்லை. அப்புறம்தான் பின்னை வைத்து மூன்று இடத்தில் அளந்து, அந்த இரண்டு கோட்டைக் கழித்து, 8.01 என்றான். அதுதான் சரியான அளவு.

மாமாவின் மோட்டார் பட்டறையில் பிஸ்டன் அளந்து பழகியிருக்கிறான். எஸ்.பி.எம்.-இல் மலாயும் இன்னும் ஒன்றிரண்டு பாடமும்தான் தேறியிருந்தது. அவனுடைய மனு தபாலில் வந்திருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், நானே அதைக் குப்பைத் தொட்டியில் போட்டிருப்பேன். அவனை எடுக்கலாம் என்று முடிவான பிறகு அவன் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "அக்கா, இது நெசமான கம்பெனிதானே? எங்கயும் வெளிநாட்டுக்கு அனுப்பிட மாட்டீங்களே?" என்று கேட்டார். கம்போடியாவில் வேலை, மியன்மாரில் வேலை என்று நம்பிப் போய் மோசடிக் கும்பலிடம் மாட்டிக்கொண்ட நம் நாட்டுப் பிள்ளைகளின் கதையெல்லாம் உங்கள் பத்திரிகையில் வந்ததுதானே. ஆள் கிடைக்கவில்லை என்று நாம் புலம்பும்போது, கூப்பிடுகிறவன் யார் என்று தெரியாமல் அந்தப் பக்கம் ஒரு தாய் பயந்துகொண்டிருக்கிறாள். நான் அந்த அம்மாவைக் கீழே கூட்டிப்போய் மெஷின்களைக் காட்டினேன். மிலோ கலக்கிக் கொடுத்தேன்.

டிப்ளோமா பையனைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். அவன் பிறகு பினாங்குத் தீவில் ஒரு பெரிய தொழிற்சாலையில் சேர்ந்து, கம்ப்யூட்டரில் மெஷின் புரோகிராம் எழுதுகிறவனாக நன்றாக வந்துவிட்டான். எங்களிடம் வந்திருந்தால் மூன்று மாதத்தில் அவனும் நொந்திருப்பான், நாங்களும் நொந்திருப்போம். எங்களுக்கு வேண்டியது விரல். நாங்கள் சோதித்தது வாய்.

இதை நினைக்கும்போதெல்லாம் என்னை வேலைக்கு எடுத்த நாள் ஞாபகம் வரும். 1988. நிபோங் திபால் பக்கம் ரப்பர் தோட்டத்தில் அம்மாவோடு பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று தோட்டத்தில் பேச்சு. நாங்கள் ஆறு பெண்கள் ஒரு வேனில் போனோம். தீவுக்குப் போகிற பாலம் திறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது, அதுதான் நான் முதல் தடவை பாலத்தில் போனது. அங்கே எங்களிடம் யாரும் "உன்னைப் பற்றிச் சொல்" என்று கேட்கவில்லை. கண் பரிசோதனை. வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொன்னார்கள். அப்புறம் துளைகள் போட்ட ஒரு பலகையும் ஒரு கிண்ணம் நிறைய சின்னச் சின்ன ஊசிகளும் கொடுத்து, எவ்வளவு சீக்கிரம் செருகுகிறோம் என்று கடிகாரம் வைத்துப் பார்த்தார்கள். பத்து நிமிஷம். ஆறு பேரில் நாலு பேரை எடுத்தார்கள். தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ஒட்டுகிற வேலைக்குக் கண்ணும் விரலும்தானே வேண்டும்? அதை மட்டும் சோதித்தார்கள். விடிகாலை ஐந்தரைக்குத் தோட்டத்துக் கோயில் முன்னால் கம்பெனி பஸ் வந்து நின்றது.

அந்தத் தொழிற்சாலையில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. கண்ணைக் கெடுத்துக்கொண்டேன், யூனியன் என்ற பேச்சே எடுக்க முடியாது. ஆனால் ஆள் எடுக்கும் விஷயத்தில் அவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அது வேறு காலம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கியபோது பினாங்கில் வேலையில்லாத் திண்டாட்டம். ஒரு வேலைக்குப் பத்துப் பேர் நிற்பார்கள். இன்றைக்கு பத்து காவான் தொழிற்பேட்டையில் ஒரு பெரிய கம்பெனி புதுக் கட்டடம் கட்டினால், எங்கள் பட்டறையில் ஒரு மெஷினுக்கு ஆள் குறைகிறது. அவர்கள் ஏசி அறை கொடுக்கிறார்கள், ஷிஃப்ட் அலவன்ஸ் கொடுக்கிறார்கள், தாமான் (குடியிருப்பு) வாசலுக்கே பஸ் அனுப்புகிறார்கள். நாங்கள் என்ன அனுப்புகிறோம்? "சொந்த வாகனம் வேண்டும்" என்று ஒரு வரி. 18 வயதுப் பையன் முதல் சம்பளம் வாங்குவதற்கு முன்னால் மோட்டாருக்கு எங்கே போவான்? 2019 ஜனவரியிலிருந்து பாலத்தில் மோட்டாருக்கு டோல் இல்லை, நல்ல விஷயம்தான், ஆனால் அதற்கு முதலில் மோட்டார் இருக்க வேண்டும். நான் தவுக்கேயிடம் போராடி, பழைய கம்பெனி வேன் ஒன்றை புக்கிட் மெர்தாஜாம் வழியாகக் காலையும் மாலையும் ஓட்ட வைத்தேன். பெட்ரோல் செலவைப் பார்த்து மூன்று மாதம் முணுமுணுத்தார். அந்த வேனில் இப்போது ஏழு பேர் வருகிறார்கள். அதில் இரண்டு பேர் எங்களுடைய சிறந்த ஆட்கள்.

மாண்டரின் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், தமிழ் வாசகர்கள் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எங்கள் தவுக்கே கெட்டவர் இல்லை. என் மகள் கல்யாணத்துக்கு வந்து கையால் சாப்பிட்டவர். ஆனால் எந்த வேலைக்கு விளம்பரம் எழுதினாலும் "மாண்டரின் தெரிந்தவர்" என்று சேர்க்கச் சொல்வார். ஒரு நாள் கேட்டேன்: "தவுக்கே, மெஷின் எந்த பாஷை பேசும்?" அவர் சிரிக்கவில்லை. நான் ஒரு ட்ராயிங்கை எடுத்து அவர் முன்னால் விரித்தேன். எண், கோடு, எண். ஓரத்தில் ஆங்கிலத்தில் நாலு வார்த்தை. வாடிக்கையாளர் அனுப்புகிற ஈமெயிலும் ஆங்கிலத்தில்தான். பட்டறையில் எல்லாரும் பேசுவது மலாய், நடுவில் ஹொக்கியன் கெட்ட வார்த்தை. "இதில் மாண்டரின் எங்கே இருக்கு?" அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எனக்குப் பேச வசதியாக இருக்கும்" என்றார். உண்மையைச் சொன்னாரே என்று எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது. சீன வாடிக்கையாளரிடம் பேசுகிற விற்பனை வேலைக்கு மட்டும் அந்த வரியை வைத்துக்கொள்வது, மற்றதில் எடுத்துவிடுவது என்று முடிவானது. அடுத்த விளம்பரத்துக்கு, வழக்கமாக வருவதைப் போல் இரண்டு மடங்கு மனு வந்து குவிந்தது. மலாய்ப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் அந்த ஒரு வரியைப் பார்த்தே இத்தனை நாள் ஒதுங்கிப் போயிருந்திருக்கிறார்கள்.

மனு குவிந்தது சரி, பாதி மனு ஒரே மாதிரி இருந்தது என்பது வேறு கதை. இப்போது எல்லாரும் செயற்கை நுண்ணறிவிடம் சொல்லி எழுதி வாங்கிவிடுகிறார்கள் போலிருக்கிறது. ஒன்பது பேர், வார்த்தை மாறாமல், துடிப்பானவர்கள், இலக்கை அடையும் வேட்கை கொண்டவர்கள், குழுவோடு இணைந்து செயல்படுகிறவர்கள். ஒருவன் லேத் (கடைசல் மெஷின்) ஆபரேட்டர் வேலைக்கு "உலகளாவிய சந்தை உத்தியில் ஆர்வம்" என்று எழுதியிருந்தான். ஃபோன் போட்டு, "தம்பி, உங்க வீடு எங்க, லேத்துல என்ன செஞ்சிருக்கீங்க?" என்று கேட்டேன். நல்ல பையன், ஒழுங்காகப் பதில் சொன்னான். அந்தத் தாள்தான் அவனை மறைத்துக்கொண்டிருந்தது. அதனால் இப்போதெல்லாம் மனுவைப் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறேன், ஐந்து நிமிஷம் ஃபோனில் பேசுகிறேன்.

தெரிந்தவர்கள் மூலம் ஆள் எடுத்தால் நல்லது என்பார்கள். பாதி உண்மை. ஒரு தடவை நம் பையன் ஒருவனைச் சேர்த்தேன், கெட்டிக்காரன். அவன் சித்தப்பா மகனைக் கூட்டிவந்தான், அவன் மச்சானைக் கூட்டிவந்தான். எல்லாம் நன்றாகப் போனது, தைப்பூசம் வரைக்கும். தைப்பூசத்துக்கு மூன்று பேரும் ஒன்றாக லீவு. அது கூடப் பரவாயில்லை. பிறகு ஒருவனுக்கும் சூப்பர்வைசருக்கும் சண்டை வந்து, ஒரே வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் வாட்ஸ்அப்பில் ராஜினாமா. சனிக்கிழமை மூன்று மெஷின் சும்மா நின்றது.

நான் செய்த தப்பு ஒன்றையும் எழுதுகிறேன், எழுதாவிட்டால் நியாயம் இல்லை. ஒரு பையன் காலையில் சேர்ந்தான், மத்தியானம் சாப்பிடப் போனான், திரும்பவில்லை. பழைய நான் என்றால் "பார்த்தீங்களா இந்தக் காலத்துப் பிள்ளைகளை" என்று பந்தியில் சொல்லியிருப்பேன். அன்றைக்கு என்னவோ ஃபோன் போட்டுக் கேட்டேன். மூன்றாவது தடவை எடுத்தான். "அக்கா, சி.என்.சி. வேலைன்னு சொல்லித்தானே கூப்பிட்டீங்க? காலையிலேருந்து அரம் வச்சு ஓரம் தேய்க்கச் சொன்னாங்க. கையெல்லாம் கீறிடுச்சு." உண்மைதான். புதுசாக வருகிறவர்கள் முதல் மூன்று மாதம் வெட்டிய சாமானின் கூர் ஓரங்களை அரத்தால் தேய்த்துக் கொடுக்க வேண்டும், அப்போதுதான் சாமானின் குணம் கைக்குத் தெரியும். எங்களுக்கு அது தெரியும். அவனிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டான் என்று பயந்து சொல்லவில்லை. சொல்லாமல் கூப்பிட்டதால் அரை நாளில் போனான்.

அதற்குப் பிறகு முறையை மாற்றிவிட்டேன். வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைப்பதற்கு முன்னால் பட்டறைக்குள் கூட்டிப்போகிறேன். கூலண்ட் வாசனை மூக்கில் ஏறும், கால் வழுக்கும், சத்தம் காதை அடைக்கும். அரம் தேய்க்கிற மேசையைக் காட்டி, "மூணு மாசம் இங்கதான்" என்று சொல்கிறேன். சம்பளத்தையும் அங்கேயே நின்று சொல்லிவிடுகிறேன். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) என்று சட்டம், எங்கள் தொடக்கச் சம்பளம் அதைவிடக் கொஞ்சம் கூட, ஆனால் பெரிய கம்பெனிகளைவிடக் குறைவு. வாரத்துக்கு 45 மணி நேரம்: திங்கள் முதல் வெள்ளி எட்டெட்டு மணி, சனிக்கிழமை ஐந்து. பத்துப் பேரில் மூன்று பேர் அங்கிருந்தே "யோசிச்சுச் சொல்றேன் அக்கா" என்று போய்விடுகிறார்கள். போகட்டும். மிச்ச ஏழு பேரில் யாரும் மத்தியானச் சாப்பாட்டோடு காணாமல் போவதில்லை.

பெண்களிடம் "கல்யாணம் ஆயிடுச்சா, எத்தனை குழந்தை, இன்னும் பெத்துக்குவீங்களா" என்று கேட்கிற பழக்கத்தையும் நிறுத்த வைத்தேன். 2023-இலிருந்து பிரசவ விடுப்பு 98 நாள் ஆனதும் பல முதலாளிகளுக்கு அந்தக் கேள்வி இன்னும் அவசரமாகிவிட்டது. சாமானின் தரம் பார்க்கிற எங்கள் கியூ.சி.யில் இப்போது இருக்கிற பெண்மணிக்கு 41 வயது, மூன்று பிள்ளைகள், 12 வருஷம் வீட்டில் இருந்துவிட்டு வந்தவர். காலை ஒன்பதரைக்குத்தான் வர முடியும் என்றார். ஒன்பதரைக்கே வரட்டும் என்றோம். அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு கீறல்கூட வெளியே போவதில்லை.

மைக்ரோமீட்டர் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். இரண்டரை வருஷம் இருந்தான். அரம், மில்லிங், பிறகு ஐந்து அச்சில் (ஆக்சிஸ்) அசைந்து வெட்டுகிற மெஷின் வரைக்கும் ஏறினான். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இனிப்புப் பொட்டலத்தோடு என் வீட்டுக்கு வந்தான். சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே ஒரு வெள்ளி இங்கே மூன்று வெள்ளிக்கு மேல். நான் என்ன சொல்வது? எங்கள் தவுக்கே அவனை நிறுத்த 300 வெள்ளி கூட்டித் தருவதாகச் சொன்னார், அதுவும் அவன் கடிதம் கொடுத்த பிறகு. அந்த 300-ஐ ஒரு வருஷத்துக்கு முன்னால் கொடுத்திருந்தால் ஒருவேளை இருந்திருப்பான், ஒருவேளை போயிருப்பான். பட்டர்வொர்த்தில் ராத்திரி பஸ் ஏற அவன் அம்மாதான் வந்து வழியனுப்பினார்.

அவன் போனதும் தவுக்கே எடுத்த முடிவு, "இனிமேல் யாருக்கும் கற்றுக் கொடுக்காதே, கற்றவனாகப் பார்த்து எடு." இந்த வட்டாரத்தில் பாதி முதலாளிகள் இதே முடிவில்தான் இருக்கிறார்கள். எல்லாரும் கற்றவனை எடுக்கக் காத்திருந்தால் கற்றுக் கொடுக்கிறவன் யார்? உள்ளூர் ஊழியர் பத்துப் பேருக்குக் குறையாமல் வைத்திருக்கிற கம்பெனி மாதச் சம்பளத்தில் 1 விழுக்காடு மனிதவள மேம்பாட்டு லெவியாகக் கட்டுகிறது. அந்தப் பணத்தைப் பயிற்சிக்குத் திரும்பக் கேட்டு வாங்கலாம். நான் வருஷா வருஷம் ஞாபகப்படுத்துவேன், தவுக்கே "அடுத்த வருஷம்" என்பார். பணம் அங்கேயே கிடக்கும். வேலையிடத்திலேயே 70, 80 விழுக்காடு நேரம் பழகி மலேசியத் திறன் சான்றிதழ் எடுக்கிற எஸ்.எல்.டி.என். திட்டம் இருக்கிறது, எத்தனை சின்னப் பட்டறைக்கு அது தெரியும்?

இதே பினாங்கில் 1989-இல் ஒன்றுக்கொன்று போட்டியான தொழிற்சாலைகள் மாநில அரசோடு சேர்ந்து, பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கின. என் ஆளை நீ இழுப்பாய், உன் ஆளை நான் இழுப்பேன் என்ற பயம் அவர்களுக்கு இல்லாமலா இருந்தது? இருந்தும் ஒரே கூரையின் கீழ் பயிற்சி கொடுத்தார்கள். எங்கள் சாலையிலேயே எங்களைப் போன்ற பட்டறை ஆறு இருக்கிறது. ஆறும் சேர்ந்து வருஷத்துக்குப் பன்னிரண்டு பிள்ளைகளை எடுத்து, ஒரு பட்டறையில் லேத், இன்னொன்றில் மில்லிங், இன்னொன்றில் வெல்டிங் என்று சுற்றிப் பழக்கினால் நாலு பேர் சிங்கப்பூர் போனாலும் எட்டுப் பேர் இங்கே மிஞ்சுவார்கள். இதைப் பக்கத்துப் பட்டறைக் கிராணியிடம் சொன்னேன். நல்ல யோசனை என்றாள், அவள் தவுக்கேயிடம் சொல்லப் பயமாக இருக்கிறது என்றாள். நானும் இன்னும் என் தவுக்கேயிடம் முழுசாகச் சொல்லவில்லை. தமிழ்ப் பத்திரிகை அவர் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் இங்கே எழுதுகிறேன்.

சரி, என் நாற்காலிக்கு வருவோம். முதலில் அடித்த விளம்பரத்தை அழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். பட்டப்படிப்பு என்பதை எடுத்துவிட்டேன். வயதை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக, ஒரு நாளில் நான் என்ன செய்கிறேன் என்பதைக் காலை எட்டு மணியிலிருந்து வரிசையாக எழுதினேன், டாய்லெட் பல்பு உட்பட. வேன் எந்த வழியாக வரும் என்றும் எழுதினேன். சம்பளத்தை, "பேசிக்கொள்ளலாம்" என்று மழுப்பாமல், எண்ணாகவே போட்டேன். வருகிறவர்களுக்கு என்ன சோதனை வைப்பது என்பதையும் யோசித்துவிட்டேன். ஒரு தாளும் பென்சிலும் கொடுப்பேன். "மாதம் 2,080 வெள்ளி சம்பளக்காரர், சாதாரண நாளில் 2 மணி நேரம் ஓவர்டைம் செய்தால் எவ்வளவு?" 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 80, எட்டால் வகுத்தால் மணிக்கு 10, ஒன்றரை மடங்கு 15, ஆக 30 வெள்ளி. கணக்கைச் சரியாகப் போடுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். நான் பார்க்கப் போவது அதற்கு அடுத்தது. அதே தாளில், ஒரு தொழிலாளிக்கு 20 வெள்ளி குறைத்துப் போட்டிருக்கிற ஒரு சம்பளச் சீட்டை வைத்திருப்பேன். அதை யாராவது கேட்காமலே கண்டுபிடித்துச் சொல்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

விளம்பரத்தை அச்செடுத்துத் தவுக்கேயிடம் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு மெதுவாகப் படித்தார். பல்பு வரியில் சிரித்தார். கடைசி வரை படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்து, தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"மாண்டரின்... கொஞ்சமாவது?"

இன்னும் பதில் சொல்லவில்லை. மார்ச் வரைக்கும் நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு பட்டறைக் கிராணி,
புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு.